எழாத மடிக்கணினி செத்துவிட்டதா?

2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் தொடங்கியது தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம். அந்தப் பழைய பெட்டிகளில் ஒன்றைப் பரணிலிருந்து இறக்கிப் பொத்தானை அழுத்தினால், கறுப்புத் திரையில் ‘இயங்குதளம் இல்லை’ என்று ஒரு வரி வரலாம். செத்துவிட்டது என்போம். அந்த வரிதான் உயிர் இருப்பதற்குச் சாட்சி: மதர்போர்டில் உள்ள பயாஸ், செயலியையும் நினைவகத்தையும் சோதித்த பிறகே வட்டில் துவக்க நிரலைத் தேடும்.

வட்டே பழுதென்றால் இயங்குதளத்தை மறுபடி நிறுவி என்ன பயன்? நியாயமான கேள்வி, ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் வட்டை மாற்றத்தான் வேண்டும். அதையும் பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டியே சோதிக்கலாம். நிறுவும்போது வட்டில் உள்ளவை அழியக்கூடும், ஆகவே கோப்புகளை அதற்கு முன்பே நகலெடுப்பது நல்லது. அந்தப் பெட்டிகளில் வந்த விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டதால், எடை குறைந்த லினக்ஸே அவற்றுக்குப் பொருத்தம். தொடக்கக் காலப் பெட்டிகளில் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் கூடவே வந்தது. நாம்தான் திறந்து பார்க்கவில்லை.