வேட்டைத் துவக்கும் அரச காணியும்

குறிஞ்சித் திணையைக் கற்பிக்குங்கால், தினைப்புனம் காத்த மகளிர் பரண்மீதிருந்து கவணெறிந்து கிளி கடிந்த செய்தியை மாணவர்க்கு விரித்துரைப்பது தமிழாசிரியர் வழக்கம். மண்டூரிலும் அதனை அடுத்த படுவான்கரை ஊர்களிலும் பிறந்த மாணவனுக்கு இதனை விளக்குவது எளிது. வட்டையிலே காவற்பரணும், இரவு முழுவதும் எரியும் தீயும், பன்றியையும் யானையையும் வெருட்ட எழுப்பும் கூக்குரலும் அவன் நேரிற் கண்டும் கேட்டும் அறிந்தவையே. ஆயின், "துவக்கு வைத்திருக்க அரசாங்கத்தின் அனுமதி எதற்கு? காட்டிலே வேட்டையாடுவது குற்றமானது எப்படி?" என்று அவன் வினவுவானாயின், அதற்கு விடை இலக்கிய நூலில் இல்லை, நூற்றைம்பது ஆண்டுச் சட்ட வரலாற்றிலே தான் இருக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்நாட்டில் வேட்டைக்கு வரம்பென்று ஒன்றில்லை. யானையைக் கொன்றவனுக்குத் தலைக்குச் சில ஷிலிங் வெகுமதியும் அரசாங்கமே அளித்தது. 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன என்று எமர்சன் தெனன்ற் எழுதியுள்ளார். 1845இல் இடிவிழுந்து மாண்ட மேஜர் றொஜர்ஸ் என்னும் படை அதிகாரி தாம் ஒருவராகவே 1,400 யானைகளைச் சுட்டவரெனப் பேசப்பட்டார். அக்காலத் துரைமார்க்கு இது பொழுதுபோக்கு. மாரிப்போகத்திலே வட்டைகளில் வந்திறங்கும் உள்ளானைச் சுடுவதும் அவர்தம் விளையாட்டுக்களில் ஒன்றாயிருந்தது.

விலங்கினம் அருகத் தொடங்கியபின்னரே சட்டம் பிறந்தது. 1872இலும் 1891இலும் வேட்டையைக் கட்டுப்படுத்தும் கட்டளைச்சட்டங்கள் இயற்றப்பட்டன. 1894இல் வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. அச்சங்கத்தை நிறுவியோரிற் பலர் தாமே வேட்டைக்காரர் என்பது கவனிக்கத்தக்கது. நாளைக்கும் சுடுவதற்கு விலங்கு வேண்டுமென்ற கவலையே அவர்களை முதலில் உந்தியது. 1900ஆம் ஆண்டில் யால சரணாலயமாக்கப்பட்டபோது, அதன் அருகே இந்நாட்டில் வதியும் வேட்டைக்காரர்க்கென ஒரு நிலப்பரப்பு தனியே ஒதுக்கப்பட்டமையும் இதற்குச் சான்று. எனினும் அவர் செய்தது நன்மையே என்பதை மறுத்தல் நேர்மையன்று.

சட்டம் இருந்தாற் போதாது. அதனை நடத்த ஓர் ஆள் வேண்டும். யாலவுக்குக் கிடைத்த முதற் காவலர் வியப்புக்குரிய மனிதர். எங்கெல்பிரெக்ற் என்னும் பெயருடைய அவர், தென்னாபிரிக்கப் போரிற் சிறைப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட போயர் இனத்தவர். பிரித்தானிய மன்னருக்கு விசுவாசச் சத்தியஞ்செய்ய மறுத்தமையால் ஊர் திரும்ப இயலாது இங்கேயே தங்கினார். மன்னருக்குப் பணிய மறுத்தவரே மன்னரின் காட்டைக் காக்கும் பணியை ஏற்றார். 1914இல் எம்டன் என்னும் ஜேர்மானியக் கப்பலுக்கு இறைச்சி வழங்கினாரென்ற பொய்க் குற்றச்சாட்டின்பேரில் அவரைச் சிறையிலும் அடைத்தனர். பரந்த காட்டில் இரவு வேட்டைக்காரரைத் தேடி அலைந்த அவருக்குக் கிடைத்த பரிசு இது.

இன்றைய சட்டத்தின் அடிப்படை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமாகும். இது அரச காணியை வகைப்படுத்தியது. ஒருவரும் நுழையலாகாத இயற்கை ஒதுக்கு ஒன்று. பார்க்கலாம், சுடலாகாது என்னும் தேசியப் பூங்கா மற்றொன்று. அனுமதிப்பத்திரம் பெற்றுக் குறித்த காலத்தில் வேட்டையாடத்தக்க இடைவலயம் பிறிதொன்று. 1949இல் வனசீவராசிகள் திணைக்களம் அமைந்தது. 1954இல் சேனநாயக்க சமுத்திரத்தைச் சூழ்ந்த காடு கல்லோயாத் தேசியப் பூங்காவாயிற்று. இடைவலயங்கள் காலப்போக்கிற் பூங்காக்களோடு சேர்ந்தன. 1964, 1970, 1993, 2009 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்களால் விதிகள் மேன்மேலும் இறுகின. பொழுதுபோக்கு வேட்டை இன்று பெரும்பாலும் பழங்கதையே.

துவக்கைப் பற்றிய சட்டம் வேறு. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச்சட்டம், அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தலைக் குற்றமாக்கியது; அப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படவேண்டும். 1996ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. ஐக்கிய அமெரிக்காவிலோ அரச காடுகளிற் பல இடங்களிலே குடிமக்கள் இலக்கு வைத்துச் சுட்டுப் பழகலாம். வீட்டுக்கும் வீதிக்கும் அண்மையிற் சுடலாகாது, கண்ணாடிப் போத்தலை இலக்காக்கலாகாது, வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கிச் செல்லவேண்டும் என்பன போன்ற விதிகள் அங்குண்டு. நம் நாட்டில் அவ்வழக்கமில்லை. குறிசுடுதல் இங்கு அனுமதிக்கப்பட்ட சுடுதளத்துக்குள் நிகழும் விளையாட்டு.

இனி நம்மூர் நிலையைப் பார்ப்போம். போர்க்காலத்தில் வட்டைக்காவலுக்கு வைத்திருந்த துவக்குகள் பல விவசாயிகளின் கைவிட்டுப் போயின. போர் 2009இல் முடிந்தபின்னரும் யானை வருகிறது, பன்றி வருகிறது. திணைக்களம் யானைவெடி வழங்குகிறது. சிற்சில இடங்களில் மின்வேலியும் அமைத்துள்ளது. போதாதென்று கண்டவர் சிலர் கட்டுத்துவக்கையும், சுருக்குக் கம்பியையும், உணவிற் பொதிந்த பன்றிவெடியையும் நாடுகின்றனர். இவையனைத்தும் சட்டவிரோதமானவை. இவற்றுட் கட்டுத்துவக்கே கொடிது. வருவது பன்றியா, விறகு பொறுக்க வந்த பிள்ளையா என்று அது பார்ப்பதில்லை. ஈயச் சன்னம் பாய்ந்த யானையும் உடனே இறவாது. புண் புரையோடி, நாட்கணக்கில் அலைந்து, மூர்க்கங்கொண்டு திரியும். அதன்பின் வரும் ஆபத்து, சுட்டவனுக்கன்றி அவ்வழியிற் செல்லும் எவர்க்கோ நேர்கிறது.

என் எண்ணம் இது: இச்சட்டத்தை ஏழை முல்லைக்காரன்மேற் செலுத்துவது எளிது, ஓரிரவில் விளைநிலத்தை இழந்தவனுக்கு இழப்பீட்டை உரிய காலத்தில் அளிப்பது அரிது. முன்னதைச் செய்வோர் பின்னதையும் செய்தாற் கட்டுத்துவக்குக் கட்டும் கை தானே குறையும். வட்டவிதானைமாரும் கமக்காரர் அமைப்புக்களும் இதனை எழுத்தில் வற்புறுத்தவேண்டும். பழைய மாணவருள் அரச பணியில் உள்ளோர் அவ்வெழுத்து மேசையில் உறங்காது பார்த்துக்கொள்ளலாம்.

மாணவர் அடிக்கடி கேட்கும் மற்றொரு வினாவுக்கும் விடை கூறிவிடுகிறேன். தந்தையின் பெயரிலுள்ள அனுமதிப்பத்திரம் மைந்தனுக்கு முதுசொமாக வருவதில்லை. தந்தை காலமானால், வீட்டு மூலையிற் சாத்திய இடியன் துவக்கே ஆயினும் அதனைப் பொலிசு நிலையத்திற் பாரங்கொடுத்து, புதிதாக விண்ணப்பித்தல் வேண்டும்.