தோட்டத்து மாற்றுத்திறனாளிகளுக்கு அரசுப் பணம் வரும் வழி

இலங்கையில் மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுப் பணம் ஓரிடத்திலிருந்து வருவதில்லை. மாதக் கொடுப்பனவு கொழும்பிலிருந்து வருகிறது. சமூக சேவையும் புனர்வாழ்வும் 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி மாகாண சபைகளுக்குப் போனதால், பொது உதவிப் பணம் மாகாணச் சமூக சேவைத் திணைக்களத்தின் பொறுப்பு. எதற்கு விண்ணப்பிப்பதென்றாலும் ஏறவேண்டிய படி பிரதேச செயலகத்தினுடையது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் இவற்றோடு கம்பனி என்ற இன்னொரு தரப்பும் உண்டு. தொழிலாளர் குடியிருக்கும் லயம், பாதை, பிள்ளைகளைப் பகலில் பராமரிக்கும் பிள்ளைக் காம்பரா, தோட்ட மருந்தகம் எல்லாம் வெகுகாலம் நிர்வாகத்தின் கையிலேயே இருந்தவை. இது யார் செலவு என்ற இழுபறி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சட்டத்துக்குக் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது, தேசியக் கொள்கை 2003இல், அவர்களின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை நாடு ஏற்று உறுதிசெய்தது 2016இல்.

சேவையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகும் முறைக்குச் சமுதாயம்சார் புனர்வாழ்வு என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் முன்வைத்த இந்த முறையில், மாற்றுத்திறனாளியை ஒரு விடுதியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. ஊரிலுள்ள தொண்டர் ஒருவர் வீட்டுக்கு வந்து, பிள்ளையின் கால்களை எப்படி நீட்டி மடக்குவது, கரண்டியை எப்படிப் பிடிக்கப் பழக்குவது என்று தாய்க்குக் காட்டிக் கொடுப்பார். பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியசாலைக்கும் வழிகாட்டுவதும் அவரே. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் இதை மேற்பார்வை செய்வார். செலவு குறைவு என்பதால் அரசுகளுக்கு இது பிடித்துப்போனது. ஆனால் அந்தச் செலவு குறைவதே தொண்டருக்குச் சம்பளம் இல்லாததால்தான். கிராமத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியரோ, படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பெண்ணோ கிடைக்கலாம். தோட்டத்தில் விடிந்தால் ஆணும் பெண்ணும் மலைக்குப் போகிறார்கள். தொண்டு செய்யும் நாளுக்கு வருகைப் பதிவில் பேர் விழாது. பேர் விழாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. ஆகவே அரசு முதலில் பணம் ஒதுக்க வேண்டியது இந்தத் தொண்டரின் நாட்கூலிக்கும் பஸ் செலவுக்கும்தான்.

இப்போது நேராகக் கையில் வருவது மாதக் கொடுப்பனவு. அஸ்வெசும என்ற அரசின் நலன்புரித் திட்டம் 2023இல் தொடங்கியபோது அது 5,000 ரூபாய்; 2024இல் 7,500, 2025இல் 10,000. தொடக்கத்தில் 72,000 மாற்றுத்திறனாளிகளுக்கே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 2012 குடிசன மதிப்பீட்டிலோ, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதமானோர், அதாவது பதினாறு இலட்சத்துக்கும் அதிகமானோர், பார்வை, கேட்டல், நடத்தல் போன்ற ஏதாவதொன்றில் சிரமம் இருப்பதாகப் பதிவாகியிருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் உதவி தேவைப்படாது என்று வைத்துக்கொண்டாலும் இடைவெளி பெரிதாகவே இருந்தது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 10,000 ரூபாய் என்பது ஏழு நாள் வேலைக்குச் சற்றே கூட. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தாய் வேலையை விட்டிருந்தால், குடும்பம் இழப்பது அதைவிட மிக அதிகம்.

அந்தப் பணத்தைப் பெறவும் கடதாசி வேண்டும்: அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் சான்று, வைத்தியரின் சிபாரிசு. இந்த இரு மாவட்டங்களும் அடங்கிய சப்ரகமுவவில் தமிழர் சிறுபான்மையாகவும் சிதறியும் வாழ்வதால் அலுவலக வேலை பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது. படிவத்தை நிரப்பவே ஓராள் துணை தேவை. லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கே கிடந்து, பிறகே வீட்டுக்கு வரும். நேர்முகத்துக்கு வரச்சொன்ன தேதி அதற்குள் கடந்துவிடுவதும் உண்டு.

சக்கர நாற்காலி கிடைத்தாலும் அது ஓட இடம் வேண்டும். லயன் காம்பராவின் வாசலில் உயரமான படி, படியை ஒட்டிக் கான், அதைத் தாண்டினால் கல் பெயர்ந்த செங்குத்துப் பாதை. அந்தப் பாதையைப் போட பிரதேச சபை பணம் செலவழிப்பதற்கு, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு நீண்ட காலம் தடையாக இருந்தது. தோட்ட மக்களும் வாக்களித்தே சபைகள் அமைந்தன. சபையின் காசு மட்டும் தோட்ட எல்லையில் நின்றுவிட்டது. 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு சபைகள் தோட்டங்களுக்குள்ளும் செலவழிக்கலாம். செலவழிப்பதும் விடுவதும் ஒவ்வொரு சபையின் வரவு செலவுத் திட்டத்தைப் பொறுத்தது.

போக்குவரத்துச் செலவும் இப்படித்தான். அரசு வைத்தியசாலையில் இயன்மருத்துவச் சிகிச்சை இலவசம். இறக்குவானை, தெரணியகலைப் பக்கத்து மலைத்தோட்டத்திலிருந்து இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்கோ கேகாலைக்கோ நடக்க முடியாத பிள்ளையைக் கொண்டுபோக, முதலில் முச்சக்கர வண்டி, பிறகு பஸ், கூடவே துணைக்குப் போகிறவரின் ஒரு நாள் பேர். சிகிச்சை வாராவாரம் தொடர வேண்டும் என்றால் மாதக் கொடுப்பனவில் பெரும் பங்கு வழியிலேயே கரைந்துவிடும். வைத்தியசாலையின் இயன்மருத்துவச் சிகிச்சையாளரே மாதம் இருமுறை பிள்ளைக் காம்பராவுக்கு வந்துபோக ஒரு வாகனம் ஒதுக்கினால், ஒரு தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே நாளில் பார்க்கலாம். கட்டடம் ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளைகளைப் பராமரிக்கும் உத்தியோகத்தரும் இருக்கிறார்.