தாய் வீடும் மகளின் எடையும்

தாயும் பருமன், மகளும் பருமன் என்றால் "அது பரம்பரை" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பரம்பரைக்குப் பங்கு உண்டுதான். ஆனால் மட்டக்களப்புத் தமிழர் வழக்கில் தாயின் வீடும் வளவும் மகளுக்கே போகின்றன. கலியாணத்தோடு வீடு அவளுக்குச் சீதனமாகும், மாப்பிள்ளை அங்கு வந்து குடியிருப்பார், தாய் அதே வளவிலோ பக்கத்து வளவிலோ இருப்பார். கிழக்கின் இந்தத் தாய்வழிக் குடிமரபை அக்கரைப்பற்றில் ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் அதை நூலாக வெளியிட்டார். அரிசி அளக்கும் சுண்டு, தேநீருக்குச் சீனி போடும் அளவு, பிள்ளைக்கு எவ்வளவு ஊட்டினால் போதும் என்ற கணிப்பு எல்லாமே இங்கு தாயிடமிருந்து மகளுக்கு நேராக இறங்குகின்றன.

வலையிறவுப் பாலம் தாண்டி வரும் வவுணதீவு, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வேளாண்மை ஊர். வறுமையின் பெயரால் அறியப்பட்ட இந்தப் பக்கத்தில் உடற்பருமனா என்று சிலர் கேட்கக்கூடும். 2016ஆம் ஆண்டின் இலங்கைக் குடித்தொகை, சுகாதார அளவீட்டில், 15 முதல் 49 வயது வரையான மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுடன் இருந்தார்கள். வறுமை இதைத் தடுப்பதில்லை. மீனும் பருப்பும் மரக்கறியும் விலை ஏறினால் கோப்பையில் சோறுதான் கூடும். பசியை மலிவாக ஆற்றுபவை சோறும் கோதுமை மாவும் சீனியும். அதனால்தான் எடை கூடிய தாயும் எடை குறைந்த பிள்ளையும் ஒரே வீட்டில் இருக்க முடிகிறது.

இதே சோற்றை முன்பும் சாப்பிட்டார்கள். ஆனால் அன்றைய பெண் நெல் குற்றினாள், தண்ணீர் சுமந்தாள், வேளாண்மை வெட்டுக்குப் போனாள். இன்று வெட்டை இயந்திரம் செய்கிறது, குற்றுவதை ஆலை செய்கிறது. அந்தப் பாரம் இறங்கியது நல்லதே, அதைத் திரும்பச் சுமக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. குறைந்த உழைப்புக்கு ஏற்பச் சோறு குறையவில்லை என்பதுதான் சிக்கல்.

மகளுக்கு வருவோம். பெரியபிள்ளையானதும் நல்லெண்ணெய், முட்டை, உழுத்தங்களி கொடுப்பார்கள். அந்தச் சில நாள் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு நடப்பதுதான் கவலை தருகிறது. ஓடியாடிய பிள்ளை வீட்டுக்குள் அடங்குகிறாள். விளையாட்டு நின்று, பள்ளிக்கூடம், ரியூஷன், கைத்தொலைபேசி என்று நாள் முழுக்க இருந்தபடியே போகிறது. தப்பித் தவறி மெலிந்தால், "என்ன மனே, வீட்டில சோறு இல்லையா?" என்று ஊர் கேட்கும். பூசினாற்போல இருப்பதே வீட்டின் செழிப்புக்குச் சாட்சி என்று நினைக்கும் ஊரில், ஒரு தாயால் மகளின் சோற்றைக் குறைக்க முடியுமா?

கருப்பைக்குள்ளேயே தொடங்கும் காரணமும் உண்டு. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. அப்போது கருவின் முதல் மாதங்களில் பட்டினிக்கு உள்ளான பெண்கள், 50 வயதில் மற்றவர்களைவிடப் பருமனாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். மறுபக்கம், தாய்க்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தாலும் பிள்ளை பிற்காலத்தில் பருமனாகும் வாய்ப்புக் கூடுகிறது. 2007இல் படுவான்கரை மக்கள் போரால் இடம்பெயர்ந்து முகாம்களில் கிடந்தார்கள். அந்த ஆண்டில் கருவுற்ற தாய்மாரின் பெண்பிள்ளைகள் இப்போது தாய்மை வயதை எட்டுகிறார்கள். அவர்களைக் கவனமாகப் பார்க்க இது ஒன்றே போதிய காரணம்.

ஆசியர்களுக்கு, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டும்போதே ஆபத்துக் கூடத் தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் 2004இல் அறிவுறுத்தியது. தெற்காசியப் பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புத்தான் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் வழி திறக்கிறது.

பழைய உணவில் கைவிடக் கூடாதவை நிறைய: குரக்கன் பிட்டு, முருங்கையிலை, வல்லாரை, வாவி மீன். கோப்பையில் பாதியைக் கீரையும் மரக்கறியும் நிரப்பட்டும். சோறு கால்வாசி போதும்.

கிராமம் கிராமமாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர்களிடம் ஒரு வேண்டுகோள். தாயை நிறுக்கும்போது வளர்ந்த மகளையும் நிறுங்கள். இருவரையும் ஒன்றாக இருத்திப் பேசுங்கள், வீட்டு ஆண்களையும் கூப்பிடுங்கள். பெற்றோரே, பெரியபிள்ளையான மகளின் சைக்கிளைப் பறிக்காதீர்கள். மாலையில் அவளும் வெளியே போய் விளையாடட்டும்.