தறி வீட்டில் கொரியக் கதை!

அப்பாவை "அப்பா" என்று கூப்பிடும் நாடு தமிழ்நாடு மட்டும் அல்ல. கொரியாவிலும் பிள்ளைகள் "அப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்!

அம்மாவை "ஓம்மா" என்கிறார்கள்.

கொரிய நாட்டுத் தொடரை முதன்முதலாகப் பார்க்கிறவர்களை நிமிர்ந்து உட்கார வைப்பது இந்தச் சொல்தான். முகம் வேறு. உடை வேறு. பேச்சு ஒன்றும் புரியவில்லை. ஆனால், கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும் பெண் "அப்பா!" என்கிறாள். அடுப்படியில் நிற்கும் தாய் திரும்பிப் பார்க்கிறாள். அவ்வளவுதான்! அதன் பிறகு அது அயல் வீடாகத் தெரிவதில்லை.

காஞ்சீபுரம் கோவில் நகரம், பட்டு நகரம். அங்கும் இந்தத் தொடர்களுக்கு ரசிகைகள் உண்டு. தறி வீட்டுப் பெண்ணின் செல்போனிலும் கொரியாவின் கதாநாயகன் வந்து நிற்கிறான். பக்கத்தில் இருக்கும் பாட்டிக்கு அவன் பெயர் வாயில் நுழையாது. "அந்தப் பையன் நல்ல பையனா, கெட்ட பையனா?" என்று கேட்பார். அது தெரிந்தால் போதும். பாட்டியும் கதைக்குள் வந்துவிடுவார்!

இந்தத் தொடர்களில் என்ன இருக்கிறது? ஏன் இந்த ஆசை?

தமிழ் பேசிய கொரியர்கள்

2013-ம் ஆண்டில் புதுயுகம் தொலைக்காட்சி தொடங்கியது. கொரியத் தொடர்களுக்குத் தமிழில் குரல் கொடுத்து, அந்தத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. அதற்குப் பிறகுதான் தமிழ் வீடுகளில் பலருக்குக் கொரியக் கதை பழக்கமானது.

அப்படி வந்தவற்றில் ஒன்று, "பாய்ஸ் ஓவர் பிளவர்ஸ்". 2009-ல் கொரியாவில் வெளிவந்த தொடர். லீ மின்-ஹோ என்ற நடிகருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது.

கதை எளிய கதை. கும் ஜான்-டி என்பவள் துணி வெளுக்கும் கடைக்காரரின் மகள். பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடம் கிடைக்கிறது. அங்கே கோடீசுவரர் வீட்டுப் பிள்ளை கு ஜுன்-பியோ ஆட்டம் போடுகிறான். எல்லோரும் அவனுக்குப் பயப்படுகிறார்கள். இவள் ஒருத்திதான் எதிர்த்து நிற்கிறாள். சண்டை காதல் ஆகிறது.

பிள்ளையின் தாய்க்கு இது பிடிக்கவில்லை. ஏழைப் பெண்ணின் வீட்டுக்கே வருகிறாள். "பணம் தருகிறேன். என் மகனை விட்டு விலகச் சொல்" என்கிறாள்.

ஜான்-டியின் தாய் என்ன செய்தாள் தெரியுமா? உப்பை எடுத்தாள். அந்தச் சீமாட்டியின் தலையில் கொட்டினாள்!

கெட்டது ஓடிப்போக வேண்டும் என்று உப்பை வீசுவது கொரியர்களின் வழக்கம். நம் ஊரில் திருஷ்டி கழிக்க உப்புச் சுற்றிப் போடுவது இல்லையா? அதைப் போன்றதுதான். அந்தக் காட்சியின் பொருளைக் காஞ்சீபுரத்துத் தாய்க்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அண்ணனா, காதலனா?

ஆனால், ஒரு சொல் நம்மவர்களைத் திகைக்க வைக்கிறது. அந்தச் சொல் "ஒப்பா".

ஒரு பெண் தன் அண்ணனை "ஒப்பா" என்று அழைப்பாள். சரி. அடுத்த காட்சியில் தன் காதலனையும் "ஒப்பா" என்று அழைக்கிறாள்! தமிழ்நாட்டில் ஒரு பெண் "அண்ணா" என்று கூப்பிட்டால், அந்தக் காதல் அன்றோடு முடிந்தது. கொரியாவிலோ அப்போதுதான் தொடங்குகிறது!

மற்றபடி, நம் வழக்கத்துக்கு நெருங்கியவை பல. பெரியவர்களிடம் பேசும்போது மரியாதைப் பேச்சு வேண்டும். நாம் "நீ" என்றும் "நீங்கள்" என்றும் பிரித்துப் பேசுவதுபோல, அவர்கள் வினைச்சொல்லையே மாற்றிப் பேசுகிறார்கள். புத்தாண்டில் பெரியவர்கள் காலடியில் மண்டியிட்டு வணங்குகிறார்கள். இறந்துபோன முன்னோர்களுக்குப் பலவகை உணவு சமைத்துப் படைக்கிறார்கள்.

இரு மொழிகளிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். இதை எல்லாம் பார்த்து, ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழி அறிஞர்கள் ஏற்கவில்லை. ஆனால், ரசிகைக்கு அந்த ஆராய்ச்சி எதற்கு? "அப்பா" என்ற ஒரு சொல் போதும்.

ஒரு தெரு, ஐந்து குடும்பம்

பணக்காரப் பிள்ளையின் காதல் கதையைப் பார்த்துச் சிரிக்கலாம். கண் கலங்க வைக்கும் தொடர் வேறு. அதன் பெயர் "ரிப்ளை 1988". 2015-ல் தொடங்கி 2016-ல் முடிந்தது.

தலைநகர் சியோலில் ஒரு சின்னத் தெரு. ஐந்து குடும்பங்கள். மாலையில் ஒரு வீட்டில் சமைத்ததை அடுத்த வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த வீட்டுக்காரி பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புவாளா? தன் வீட்டுக் குழம்பை ஊற்றி அனுப்புகிறாள். பிள்ளைகள் பாத்திரமும் கையுமாகத் தெருவில் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள்!

அங்கே டக்-சன் என்று ஒரு பெண். வீட்டில் நடுப்பிள்ளை. நண்பருக்கு ஜாமீன் போட்டுக் கடனில் மாட்டிக்கொண்டவர் அவள் தகப்பனார். பாதி வீடு தரைக்குக் கீழே இருக்கும் குடித்தனம். முட்டை பொரித்தால் அக்காளுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. டக்-சனுக்கு இல்லை.

அக்காள் பிறந்தநாளுக்கு மூன்று நாள் கழித்து டக்-சனின் பிறந்தநாள். இரண்டுக்கும் ஒரே கேக். ஒவ்வொரு ஆண்டும் இப்படித்தான். ஒருநாள் அவள் பொறுக்க முடியாமல் வெடித்து அழுகிறாள். "நான் மட்டும் உங்களுக்கு இளப்பமா?" என்பதே அந்த அழுகையின் பொருள்.

அன்று இரவு தகப்பனார் தனியாக ஒரு கேக் வாங்கி வருகிறார். தெரு முனையில் மகளிடம் மன்னிப்புக் கேட்கிறார். தானும் பிறக்கும்போதே அப்பாவாகப் பிறக்கவில்லை, அப்பாவாக இருப்பது தனக்கும் இதுதான் முதல் தடவை என்கிறார்.

மகளிடம் மன்னிப்புக் கேட்கும் தகப்பன்! தமிழ் வீடுகளில் எத்தனை பேர் அதைக் கண்டிருக்கிறார்கள்? நடுப்பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி மறக்காது.

இந்தத் தொடர் 20 பகுதியில் முடிந்துவிடுகிறது. பெரும்பாலான கொரியத் தொடர்கள் 16 பகுதிதான். நம் "மெட்டி ஒலி" 2002-ல் தொடங்கி 800 பகுதிகளையும் தாண்டியது! பாதிச் சேலை நெய்வதற்குள் கொரியக் கதையில் கல்யாணமே முடிந்துவிடும்.

கடலில் மூழ்கும் தாய்

2025-ம் ஆண்டு மார்ச் மாதம் நெட்பிளிக்சில் ஒரு தொடர் வந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் "வென் லைப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்". 16 பகுதி. ஐயூ என்ற பாடகி கதாநாயகி. பார்க் போ-கம் கதாநாயகன். காஞ்சீபுரத்து வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைப்பது அரிது.

கொரியாவின் தெற்கே ஜேஜூ என்ற தீவு இருக்கிறது. அங்கே பெண்கள் கடலில் மூச்சடக்கி மூழ்குவார்கள். சிப்பியும் கடற்பாசியும் எடுத்து வருவார்கள். அவர்களுக்கு "ஹேன்யோ" என்று பெயர். 2016-ல் யுனெஸ்கோ இவர்களின் தொழிலை மனிதகுலத்தின் பாரம்பரியம் என்று பட்டியலில் சேர்த்தது.

உலகம் போற்றும் தொழில். ஆனால், கதையில் வரும் தாய் என்ன சொல்கிறாள்?

மகளே, நீ மட்டும் கடலுக்குப் போகாதே என்கிறாள்! அவளே நோய் கண்டு, 29 வயதில் இறந்துபோகிறாள்.

மகள் ஏ-சன் கவிஞராக ஆசைப்படுகிறாள். படிக்க வழி இல்லை. குவான்-சிக் என்ற பையனை மணக்கிறாள். அவள் புத்தகம் படித்துக்கொண்டிருக்க, அவளுக்காகச் சந்தையில் முட்டைக்கோசு விற்ற பையன் அவன். அவர்களுக்கு ஒரு மகள் பிறக்கிறாள். அந்தப் பேத்தியைக் கடலுக்குப் பழக்கவேண்டும் என்று புகுந்த வீட்டார் சொல்கிறார்கள். ஏ-சன் கொதித்து எழுகிறாள். பிறகு அந்த மகளை வெளிநாட்டில் படிக்கவைப்பதற்காகக் கணவனும் மனைவியும் குடியிருந்த வீட்டையே விற்கிறார்கள்.

இந்தக் கதை கடலை ஒட்டிய கதை. காஞ்சீபுரத்தில் கடல் இல்லை. தறிக்குழி இருக்கிறது.

காஞ்சீபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கலியாணம் என்றால் காஞ்சீபுரம் பட்டு வேண்டும். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்கும் கோர்வைச் சேலைக்குத் தனி மதிப்பு. ஆனால், அதை நெய்யத் தறியில் இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது ஆளாகப் படிக்கிற வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்த காலம் ஒன்று இருந்தது.

இன்று நெசவாளர் வீட்டில் கேட்டால், "எங்களோடு போகட்டும். பிள்ளைகள் படிக்கட்டும்" என்பவர்களே பலர். காலைக் குழியில் தொங்கவிட்டுக் குனிந்து குனிந்து முதுகு வலி கண்டவர்கள் அவர்கள்.

உலகம் ஒரு தொழிலைப் பாரம்பரியம் என்று புகழ்கிறது. அந்தத் தொழிலைச் செய்கிறவள், என் பிள்ளைக்கு இது வேண்டாம் என்கிறாள். ஜேஜூ தீவிலும் இதுதான். பிள்ளையார்பாளையத்திலும் இதுதான். ஏ-சனின் தாய் சொல்லும் சொல், காஞ்சீபுரத்துப் பெண் தன் வீட்டிலேயே கேட்ட சொல்!

பக்கத்தில் இருக்கும் கொரியா

தொடரில் வரும் கோடீசுவரர் வீடுகள் எல்லாம் கற்பனையா? அப்படிச் சொல்ல முடியாது. அத்தகைய குடும்பங்கள் நடத்தும் தொழிற்சாலைகள் காஞ்சீபுரம் மாவட்டத்திலேயே இருக்கின்றன.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை 1998-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அந்த நிறுவனத்தை உண்டாக்கிய சங் ஜூ-யங் ஏழை விவசாயியின் மகன். தகப்பனார் மாடு விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு, இளவயதில் வீட்டை விட்டு ஓடியவர். அவர் பிறந்த ஊர், நாடு இரண்டுபட்டபோது வடகொரியாவில் போய்விட்டது. இருங்காட்டுக்கோட்டையில் கார் ஓடத் தொடங்கிய அதே 1998-ல், அவர் 1,001 மாடுகளை எல்லை தாண்டி வடகொரியாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு மாட்டுக் கடனுக்கு 1,001 மாடு! எந்தத் தொடரிலும் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை.

சுங்குவார்சத்திரம் அருகே சாம்சங் தொழிற்சாலை இருக்கிறது. டெலிவிஷனும் குளிர்பதனப் பெட்டியும் அங்கே செய்கிறார்கள். 2024-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும், சம்பளம் உயர வேண்டும் என்பவை அவர்களுடைய கோரிக்கைகள். போராட்டம் 37 நாள் நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் கொரியாவிலும் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

ஆகவே, கொரியா என்றால் ரோஜாப்பூவும் பனிமழையும் மட்டும் அல்ல. அங்கும் கடன் உண்டு. கூலி உண்டு. போராட்டம் உண்டு.

இதை அறியாத வயதில் ஆசை வழிதவறும். 2024-ம் ஆண்டு ஜனவரியில் கரூர் மாவட்டத்துச் சிறுமிகள் மூவர் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். வயது 13. கொரியாவின் பி.டி.எஸ். பாடகர்களைப் பார்க்கக் கப்பலில் போவது அவர்கள் திட்டம்! கையில் இருந்தது 14 ஆயிரம் ரூபாய். காட்பாடி ரயில் நிலையத்தில் அவர்களைக் கண்டு மீட்டார்கள். நல்லவேளை, ஆபத்து எதுவும் நேரவில்லை.

பிள்ளைகள் தனியாகச் செல்போனில் பார்ப்பதைவிட, வீட்டார் கூட உட்கார்ந்து பார்ப்பது நல்லது. கதை எது, நிஜம் எது என்று அப்போது பேச்சு வரும்.

திரும்பி உட்கார்ந்தவன்

கொரியக் கதாநாயகர்களில் ஏழை வீட்டு ரசிகைக்கு யாரைப் பிடிக்கும்? லீ மின்-ஹோ அழகர். சந்தேகம் இல்லை. ஆனால், முட்டைக்கோசு விற்ற குவான்-சிக்குக்கு அருகில் அவர் நிற்க முடியாது!

அந்த வீட்டில் ஆண்களுக்கு ஒரு சாப்பாட்டு மேசை. பெண்களுக்குத் தனி மேசை. குவான்-சிக் ஆண்கள் மேசையில் உட்கார்ந்திருக்கிறான். பின்னால் மனைவியும் சின்ன மகளும் சாப்பிடுகிறார்கள். அவன் வாதம் செய்யவில்லை. குரலை உயர்த்தவில்லை. தன் சோற்றுக் கிண்ணத்தோடு அப்படியே திரும்பி, மனைவி பக்கமாக உட்கார்ந்துகொள்கிறான். ஆண்கள் மேசை திகைத்துப் பார்க்கிறது.

பெரிய வசனம் இல்லை. கார் இல்லை. மாளிகை இல்லை. முதுகைத் திருப்பியது ஒன்றுதான்.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அடுப்படியில் தனியாகச் சாப்பிடும் தாய்மார்கள் தமிழ்நாட்டில் இன்றும் எத்தனையோ பேர். இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருக்கும் நாள். அம்மாவின் தட்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு இலையைப் போடுங்கள். கதை அப்புறம் பார்க்கலாம்!