உங்களுக்குத் தெரியுமா? காகத்தின் வீட்டில் குயில் பிள்ளை

வேம்பு பூக்கும் பங்குனியில், புதுவாயல் பக்கம் விடியுமுன்பே குயில் சத்தம்தான். கூவுவது ஆண்: கறுப்பு உடம்பு, ரத்தச் சிவப்புக் கண். கொல்லையில் பப்பாளியைக் கொத்தும், வெள்ளைப் புள்ளி போட்ட பழுப்புப் பறவையை வேறு ஏதோ என்று நினைக்கிறோம். அதுதான் பெண் குயில். 'கிக் கிக்' என்று கத்தும், இனிமை என்று சொல்ல முடியாது.

கூடு கட்டும் கவலை குயிலுக்குக் கிடையாது. காகக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பறந்துவிடும். குயில் முட்டை பொரிய 12 முதல் 14 நாள். காக முட்டைக்கு 16 நாளாவது வேண்டும். முந்திப் பிறந்த குஞ்சு இரையில் பெரும்பங்கைத் தட்டிக்கொள்ளும். ஆனால் ஐரோப்பியக் குயில் குஞ்சைப் போல மற்ற முட்டைகளை எல்லாம் வெளியே உருட்டித் தள்ளுவது இதற்கு வழக்கமில்லை.

காகக் கூடும் இப்போது வெறும் சுள்ளியில்லை. தொழிற்சாலை ஊர்களில் கட்டுக்கம்பி, ஒயர் துண்டுகளையும் வைத்துப் பின்னும். உள்ளே மெத்தைக்குத் தேங்காய் நார். குஞ்சு இருக்கும் மரத்தடியில் துணி காயப்போடப் போனால் தலையில் கொத்து விழும், ஜாக்கிரதை!

இன்னொன்று: நமக்கும் மாட்டுக்கும் நஞ்சான மஞ்சள் அரளிப் பழத்தைக் குயில் சாதாரணமாகத் தின்னும்.