ஆப்பிள் கடிக்க முடியவில்லையா? மசித்துச் சாப்பிடுங்கள்

பல்செட் அணிந்தபின் ஆப்பிளைத் தொடாத மூத்தோர் பலர். பழத்தை விட்டுவிடாதீர்கள். நாளுக்கு 2 பங்கு பழம் தேவை. ஒரு சிறிய ஆப்பிள் 1 பங்கு.

சோங் பாங் சந்தைக்குப் போகும்போது சிவப்பு ஆப்பிளாகப் பார்த்து வாங்குங்கள். பச்சை ஆப்பிள் புளிக்கும். கை சர்க்கரை டப்பாவைத் தேடும். 2 சிறிய ஆப்பிள்களைத் தோல் சீவி, விதை நீக்கி, துண்டாக்குங்கள். கால் கப் தண்ணீர், ஒரு துண்டு பட்டை, 2 கிராம்பு சேர்த்து, மூடி, சிறு தீயில் 15 நிமிடம் வேகவையுங்கள். பட்டையையும் கிராம்பையும் எடுத்துவிட்டு, பருப்பு மத்தால் மசியுங்கள். சர்க்கரை வேண்டாம்.

இது 2 பேருக்கான அளவு. நீரிழிவு உள்ளவர்கள் பாதிக்குமேல் சாப்பிட வேண்டாம். மசித்த பழம் கடகடவென்று உள்ளே போய்விடும். மீதியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் சாப்பிடலாம்.

விழுங்கும்போது அடிக்கடி புரையேறினால், ஈசூன் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.