முகாம் வண்டியின் இன்ஜின்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?



"முகாம் வண்டிக்கு வயதாகிவிட்டதே, புதிது வாங்கிவிடலாமே?" என்று உங்களில் சிலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். காணிக்கை கொடுக்கிறவர்கள் அது எதற்குச் செலவாகிறது என்று கேட்பது நியாயமே. ஆகையால் சற்று விவரமாக எழுதுகிறோம்.

வண்டி போகாத வாரத்தில் மலையடிவாரக் கிராமங்களில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் தீர்ந்துபோகின்றன. காசநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இடையில் நிறுத்தினால், கிருமி அந்த மருந்துக்கே அடங்காமல் போகக்கூடும். எனவே எத்தனை நாள் வண்டி நிற்கும் என்பதும் எங்களுக்குச் செலவுக் கணக்குதான்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்தால் அந்த அழுத்தம் கசிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும், மேட்டில் மூச்சு வாங்குவதும் இதனால்தான்.

ஆனால் புகை வருகிறது என்றவுடன் இன்ஜினைப் பிரிக்கக்கூடாது. நோயைக் கண்டறியாமல் எந்த டாக்டரும் கத்தியை எடுப்பதில்லையே! கறுப்புப் புகை என்றால் பெரும்பாலும் இன்ஜெக்டர், பம்பு, அல்லது அடைபட்ட ஏர் பில்டர். இது சிறிய செலவு. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்து, ஆயில் பால் போல மாறினால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கவேண்டும். நமது வண்டியில் வந்தது நீலப் புகை. ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளந்தபோது நான்கில் இரண்டு மிகவும் இறங்கியிருந்தன.

அதன்பின் பிரித்துப் பார்த்தோம். பிளாக்கிலோ கிராங்க் ஷாப்டிலோ விரிசல் இருந்திருந்தால் பழுதுபார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. இரண்டும் நன்றாகவே இருந்தன. சிலிண்டர்களை 0.50 மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்து, அந்த அளவுக்குப் புதிய பிஸ்டன், ரிங், பேரிங் போட்டால் போதும் என்றார் மெக்கானிக்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் வாங்கி மாட்டலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். இரண்டு நாளில் வேலை முடியும், உண்மைதான். ஆனால் கழற்றி வைத்த இன்ஜின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்படி ஓடியது என்று யார் சொல்வது? மேலும் இன்ஜின் எண் மாறினால் ஆர்.சி. புத்தகத்திலும் இன்சூரன்சிலும் அதைத் திருத்தவேண்டும். அவசரத்துக்கு அது நல்ல வழிதான். நமக்கு அது ஒத்துவரவில்லை.

புது வண்டியையும் யோசிக்காமல் இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பின் வரும் பி.எஸ்.6 டீசல் வண்டிகள் புகை குறைந்தவை. ஆனால் சென்சார் ஒன்று பழுதானால் நம் ஊர்ப் பட்டறையில் கைவைக்க முடியாது. விலையோ இன்ஜின் வேலையைவிடப் பலமடங்கு. அடிச்சட்டம் துருப்பிடித்திருந்தால் அப்படியும் வாங்கியிருப்போம். செத்த உடலில் புது இருதயம் எதற்கு? நமது வண்டியில் படிக்கட்டுத் தகடு மட்டும் அரித்திருந்தது. ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும்: பதினைந்து வருடம் கடந்த வண்டிகளுக்குத் தகுதிச் சான்று, பதிவுப் புதுப்பிப்புக் கட்டணங்கள் 2022 ஏப்ரலில் மிகவும் உயர்ந்துவிட்டன. அதையும் கணக்கில் சேர்த்தே தீர்மானித்தோம்.

ஆகவே போரிங் வேலைக்குக் கொடுத்துவிட்டோம். திரும்பி வந்தபின் முதல் ஆயிரம் கிலோமீட்டர் வேகமில்லாமல், பாரம் குறைத்து ஓட்டவேண்டும் என்று டிரைவர் தம்பிக்குச் சொல்லியாயிற்று. அதுவரை வாடகை ஜீப்பில் மருந்துப் பெட்டிகளும் ஒரு டாக்டரும் ஒரு நர்சும் மட்டும் போகிறார்கள். பல் சிகிச்சை நாற்காலிக்கு அதில் இடமில்லை.

இதற்கென்று உதவ விரும்புகிறவர்கள் காசோலையோடு வைக்கும் தாளில் "முகாம் வண்டி" என்று குறிப்பிடுங்கள். பட்டறை பில்லின் விவரம் அடுத்த இதழில் வெளியாகும்.